மகள் ஸ்னேர் டிரம்மையே பிழைப்பாக வைத்துக்கொள்ளப் போகிறாளாம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 ஃபிரிஸ்கோ அம்மா (செப்டம்பர் 14)

வணக்கம். நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பு. மூன்று வருடமாகப் பள்ளி மார்ச்சிங் பாண்டில் (நடந்துகொண்டே வாசிக்கும் இசைக்குழு) ஸ்னேர் டிரம், அதாவது தோளில் மாட்டி இரண்டு குச்சியால் தட்டும் முரசு, வாசிக்கிறாள். வெள்ளிக்கிழமை இரவானால் ஃபுட்பால் மைதானம், சனிக்கிழமையானால் போட்டி. சாப்பாட்டு மேசை, கார் டேஷ்போர்டு, என் முழங்கால் என்று எதையும் விட்டுவைப்பதில்லை, எல்லாவற்றிலும் தட்டல். அதெல்லாம் பழகிவிட்டது.

போன வாரம் சாப்பிடும்போது சாவகாசமாகச் சொல்கிறாள்: அடுத்த கோடையில் டிரம் கோருக்கு ஆடிஷன் கொடுக்கப் போகிறாளாம். கல்லூரியில் இசைக் கல்வி படித்துவிட்டு, பிறகு இதையே சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொள்வாளாம். 'கோர்' என்றதும் ராணுவத்தில் சேரப் போகிறாள் என்று அவள் அப்பா சாப்பாட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

இது என்ன உலகம்? வாசித்துப் பிழைக்க முடியுமா, சொல்லிக்கொடுத்துப் பிழைக்க முடியுமா? திட்டுவதென்றாலும் விவரத்தோடு திட்டுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை (செப்டம்பர் 14)

என் நண்பரின் பையன் இந்த டிரம் கோருக்குப் போனான். கோடை முழுக்க இரவில் பஸ் பயணம், ஏதோ ஒரு பள்ளியின் ஜிம் தரையில் தூக்கம், காலை முதல் இரவு வரை வெயிலில் பயிற்சி. சம்பளம் உண்டா என்று கேட்டேன். இல்லையாம், இவர்கள்தான் கட்ட வேண்டுமாம். பெரிய குழுக்களில் ஒரு சீசனுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் டாலர் ஆகிறது. குளிர்கால கேம்ப்களுக்கு விமான டிக்கெட் தனி.

காசு கொடுத்துக் கூலி வேலை பார்ப்பதை நான் இங்கேதான் பார்த்தேன். யோசித்துச் செய்யுங்கள் சகோதரி.

#3 குச்சிக்காரன் (செப்டம்பர் 15)

அக்கா, முதலில் அத்தானிடம் சொல்லிவிடுங்கள், ராணுவம் இல்லை. கோடையில் ஊர் ஊராகப் போய், மைதானத்தில் நடந்துகொண்டே வாசித்துப் போட்டியிடும் இசைக்குழுதான் டிரம் கோர். ஆனால் அவர் பயந்ததில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. போரிலிருந்து ஊர் திரும்பிய வீரர்களின் சங்கங்கள், அமெரிக்கன் லீஜன் போன்றவை, நடத்திய பித்தளை ஊதல், முரசுக் குழுக்களிலிருந்து வளர்ந்ததுதான் இது. அந்தச் சங்கங்களின் விதிகள் பிடிக்காமல் குழுக்களே சேர்ந்து தங்களுக்கென்று டி.சி.ஐ. (டிரம் கோர் இண்டர்நேஷனல்) என்ற அமைப்பை உண்டாக்கிக்கொண்டன. அதன் முதல் சாம்பியன்ஷிப் 1972-இல் விஸ்கான்சினின் வைட்வாட்டரில் நடந்தது, அனஹைம் கிங்ஸ்மென் என்ற குழு ஜெயித்தது. இப்போது இறுதிப்போட்டி ஆகஸ்டில், இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில்.

என்னைப் பற்றி: வயது 41. அப்பா அம்மா திருநெல்வேலியிலிருந்து நியூஜெர்சிக்கு வந்தவர்கள். ஆறு வயதில் மிருதங்கத்தில் உட்காரவைத்தார்கள். தத்தித்தொம்நம்மில் தொடங்கி ஏழு வருடம் போனது. பிறகு பள்ளியில் ஒரு நாள் ஸ்னேரைத் தோளில் மாட்டினேன், அதோடு சரி. அப்பா அதற்கு 'தகர டப்பா' என்று பெயர் வைத்தார். இரண்டு கோடை ஒரு பெரிய குழுவில் வாசித்தேன். இப்போது உங்கள் பக்கம்தான், ஒரு உயர்நிலைப் பள்ளியில் பெர்கஷன் டைரக்டர், அதாவது தாள வாத்தியங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர்.

கணக்குப்பிள்ளை சார் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பணம் நாம்தான் கட்ட வேண்டும், தூக்கம் தரையில்தான். விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு ஸ்னேர் வரிசையில் எட்டிலிருந்து பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் ஒரே ஆளாகக் கேட்க வேண்டும், வேலை அவ்வளவுதான். அதற்காகக் குச்சி எவ்வளவு உயரம் எழ வேண்டும் என்பது வரை அளவு உண்டு. மெதுவாக என்றால் மூன்று அங்குலம், அப்புறம் ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. கெவ்லர் நாரில் நெய்த தோல் போட்டு, மேசைப் பலகை மாதிரி இறுக்கியிருப்பார்கள். ஒருவர் மயிரிழை பிந்தினாலும் கடைசி வரிசை ரசிகருக்குக் கேட்கும். 1983 வரை நடுவர்கள் மைதானத்துக்குள்ளேயே வாசிப்பவர்களோடு நடந்து, ஒவ்வொரு பிசகுக்கும் பத்தில் ஒரு புள்ளி கழித்தார்கள். அதற்கு 'டிக்' என்று பெயர். அந்த முறை போய் நாற்பது வருடமாகிறது. ஆனாலும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தக் காலத்து ஆள். என் பக்கத்தில் நின்று வாயாலேயே 'டிக்... டிக்...' என்று எண்ணுவார். இன்றைக்கும் கடிகாரக் கடைக்குள் போனால் வயிறு கலங்குகிறது.

பிழைப்பு பற்றிக் கேட்டீர்களே, அதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது: டி.சி.ஐ.யில் 21 வயதோடு கதை முடிந்தது. ஜூன் 1-ஆம் தேதிக்குள் 22 முடிந்தால் அந்தக் கோடை கிடையாது. எவ்வளவு பெரிய கைக்காரனாக இருந்தாலும் வெளியே.

#4 தவில்வீட்டுப் பையன் (செப்டம்பர் 15)

இருபத்தொரு வயதில் ஓய்வா! எங்கள் தாத்தா எழுபத்திரண்டு வயதிலும் முகூர்த்தத்துக்குப் போனார். வலது கை விரல்களில் கூடு மாட்ட நாங்கள் உதவுவோம், கழியைக் கையில் வாங்கிவிட்டால் மனுஷன் வேறு ஆள். எங்கள் பக்கம் இருபத்தொரு வயதில்தான் 'பையன் பரவாயில்லை' என்றே சொல்லத் தொடங்குவார்கள். இது அநியாயமாக இருக்கிறதே அண்ணா.

#5 ஃபிரிஸ்கோ அம்மா (செப்டம்பர் 15)

குச்சிக்காரன் தம்பி, பக்கத்து ஊர்க்காரராக வந்து மாட்டினீர்கள், சுலபத்தில் விட மாட்டேன். 21 வயதில் முடிந்துவிட்டால் அப்புறம் என்ன செய்தீர்கள்? நல்லதை மட்டும் சொல்லாதீர்கள்.

#6 குச்சிக்காரன் (செப்டம்பர் 17)

இரண்டு நாளாகப் போட்டி, அதுதான் தாமதம்.

நல்லதை மட்டும் சொல்லப் போவதில்லை. 2003-இல் முதல் ஆடிஷன். வெட்டிவிட்டார்கள். 'கை இருக்கிறது, காது இல்லை' என்றார் ஒருவர். அதாவது, நான் நன்றாக வாசித்துக்கொண்டிருந்தேனே தவிர, பக்கத்தில் வாசிப்பவனைக் கேட்கவில்லை. மிருதங்கத்தில் நான் தனி ஆள், என் கணக்கு என் கையில். இங்கே என்னுடையது என்று ஒன்றும் கிடையாது. அது புரிய ஒரு வருடம் ஆனது. 2004, 2005 இரண்டு கோடையும் கிடைத்தன.

2005 இறுதிப்போட்டி மாசசூசெட்ஸின் ஃபாக்ஸ்பரோவில். கடைசி அடி அடித்து மைதானத்தை விட்டு வெளியே வந்தோம். வயது முடிந்தவர்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது. மறுநாள் காலை அப்பா காரில் வந்து கூட்டிப்போனார். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, 'அடுத்து என்னப்பா?' என்றார். அப்போதுதான் அழுதேன். இத்தனை வருடம் இரண்டு கைகளையும் ஒரே ஒரு வேலைக்குத் தீட்டியாயிற்று, அந்த வேலை உலகத்திலேயே இல்லை இனிமேல்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் 'டெக்' வேலை. டெக் என்றால் உதவி ஆசிரியர். தலைமை ஆள் எழுதிய இசையை வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் கைக்குள் இறக்குகிறவர். திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் இன்னொன்று, வியாழன் மூன்றாவது. காரே வீடு, பின்சீட் முழுக்கக் குச்சியும் வெள்ளை டேப்பும். ஒரு பள்ளியில் பேசிய தொகை நானூறு டாலர். செக் கைக்கு வருவதற்குள் அந்த வருடத்துப் பிள்ளைகள் பட்டம் வாங்கிவிட்டார்கள். கோடையில் குழுக்கள் தருவதும் ஒரு கைச்செலவுத் தொகைதான், வாடகைக்குக் காணாது.

ஆனால் அந்த நான்கு வருடத்தில்தான் நான் உருப்படியாக வாசிக்கக் கற்றேன். நான் ஏன் சுத்தமாக வாசிக்கிறேன் என்று எனக்கே தெரியாமல்தான் அதுவரை வாசித்திருக்கிறேன். பதினான்கு வயதுப் பையன் ஒருவன், 'சார், என் இடது கை ஏன் பிந்துகிறது?' என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. 'இன்னும் பயிற்சி செய்' என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்று இரவு கண்ணாடி முன் உட்கார்ந்து என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாவியைத் திருப்புகிற மாதிரி முன்கை உருள வேண்டும். அவன் மணிக்கட்டை மட்டும் மேலும் கீழும் ஆட்டியிருக்கிறான். மறுவாரம் அவன் கையில் நிஜமாகவே ஒரு சாவியைக் கொடுத்துத் திருப்பச் சொன்னேன். பத்து நிமிடத்தில் சரியானது.

இந்தத் துறையில் பெரியவர்கள் எல்லோருமே இப்படித்தான். வாசித்தது சில கோடை, சொல்லிக்கொடுத்தது ஒரு ஆயுள். ரால்ஃப் ஹார்டிமன் அனஹைம் கிங்ஸ்மெனில் வாசித்தவர், பெயர் வாங்கியது சாண்டா கிளாரா வான்கார்ட் குழுவின் ஆசிரியராக. அவருக்கு முன் அங்கே அடித்தளம் போட்டவர் ஃபிரெட் சான்ஃபர்ட். இன்றும் டி.சி.ஐ.யில் சிறந்த பெர்கஷனுக்கான விருது அவர் பெயரில்தான். எனக்கு மிகவும் பிடித்தவர் மார்ட்டி ஹர்லி. பள்ளி நாட்களில் நியூ ஆர்லியன்ஸின் பிரதர் மார்ட்டின் உயர்நிலைப் பள்ளியில் பாண்ட் ஆசிரியர், கோடையானால் இலினாய் மாநிலத்தின் ஃபாண்டம் ரெஜிமென்ட் குழு. அவர் எழுதிய ஸ்னேர் பகுதிகளை இன்றைக்கும் பிள்ளைகள் பார்க்கிங் இடத்தில் நின்று வாசிக்கிறார்கள். அவர் 2011-இல் இறந்துவிட்டார். அவர்களில் பலர் அப்போது சின்னக் குழந்தைகள்.

#7 நியூஜெர்சி மாமா (செப்டம்பர் 17)

குச்சிக்காரன் தம்பி சொன்னதில் ஒரு திருத்தம். 21-இல் முடிவது டி.சி.ஐ.யின் இளையோர் பிரிவு மட்டும். வயது வரம்பில்லாத குழுக்கள் எங்கள் பக்கம் எவ்வளவோ காலமாக இருக்கின்றன. பென்சில்வேனியாவின் ரெடிங் பக்கனியர்ஸ் 1957-இல் தொடங்கியது. வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு வார இறுதியில் வந்து வாசிப்பார்கள். ஒரே வரிசையில் அப்பாவும் மகனும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சம்பளத்தோடு வாசிக்கவும் இடம் உண்டு, ஆனால் விரல் விட்டு எண்ணலாம். அமெரிக்க ராணுவத்தின் ஓல்ட் கார்ட் ஃபைஃப் அண்ட் டிரம் கோர், குழலும் முரசும் சேர்ந்த குழு, முழுநேர வேலை. கயிறு கட்டி இறுக்கும் பழைய மர டிரம், சிவப்புக் கோட்டு, 1960-இலிருந்து இருக்கிறது. மரைன்களுக்கும் தனியாக ஒரு டிரம் அண்ட் பியூகிள் கோர் வாஷிங்டனில் உண்டு. (அத்தான் பயந்தபடி ராணுவம்தான், ஆனால் வேலை டிரம் அடிப்பது!) ஃபுட்பால் அணிகளின் டிரம்லைன்கள், அதாவது முரசு வரிசைகள், உண்டு. ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவான எப்காட்டில் ஜாம்மிட்டர்ஸ் என்று துப்புரவுப் பணியாளர் உடையில் குப்பைத் தொட்டியை அடித்தே ஒரு கூட்டம் சேர்ப்பார்கள். பேத்திக்கு அவர்களைத்தான் மிக்கி மவுஸைவிடப் பிடித்தது.

#8 குச்சிக்காரன் (செப்டம்பர் 17)

ஒப்புக்கொள்கிறேன் மாமா, திருத்தம் சரிதான். மேடைக்குப் போனவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார் ஆஃப் இண்டியானா குழு 1993-இல் இரண்டாமிடம் வாங்கியதோடு போட்டியை விட்டது. பிறகு அதே ஆட்கள் மேடை நிகழ்ச்சிக்கு மாறி 'பிளாஸ்ட்!' ஆனார்கள். 1999-இல் லண்டன், 2001-இல் பிராட்வே, அந்த வருடமே மேடை நிகழ்ச்சிகளுக்கான டோனி விருது. ஆனால் அதன் தாளத்துக்குப் பின்னால் இருந்த டாம் ஹேனம் யார் என்று பாருங்கள், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் பல ஆண்டு பாண்ட் ஆசிரியர். எங்கே சுற்றினாலும் வகுப்பறைக்கே வந்து நிற்கிறது.

#9 பழைய கேடட் (செப்டம்பர் 19)

நான் யாழ்ப்பாணத்தில் பள்ளி பாண்டில் சைட் டிரம் அடித்தவன். இல்ல மெய்வல்லுநர் போட்டி அணிநடைக்கு நாங்கள்தான் முன்னால். எங்களுக்கு டிரம் தோள்வாரில் தொங்கும், ஒரு பக்கம் சரிந்திருக்கும். இடது குச்சியை உள்ளங்கை மேல்நோக்கி, சோறு அள்ளுவது போலப் பிடிக்கச் சொல்லித் தந்தார்கள். இந்த அமெரிக்கப் பிள்ளைகளின் காணொளிகளைப் பார்த்தால் டிரம் நேராக, மேசை போல நிற்கிறது. ஆனால் பிடி மட்டும் அதே பழைய பிடி. தேவையில்லாமல் ஏன்?

#10 குச்சிக்காரன் (செப்டம்பர் 20)

நல்ல கேள்வி அண்ணா, இதற்கு இங்கே சண்டையே நடக்கும். சரிந்து தொங்கும் டிரம்மில் இடப்பக்கம் விளிம்பு உயர்ந்திருக்கும். வலது கை மாதிரியே இடது கையையும் பிடித்தால் முழங்கை காது வரை போகும். அதனால்தான் உள்ளங்கையைத் திருப்பினார்கள். இப்போது தோளில் மாட்டும் கேரியர் வந்துவிட்டது, டிரம் நேராக நிற்கிறது, காரணம் போய்விட்டது. பிடி போகவில்லை. பழக்கம், அழகு, கொஞ்சம் பிடிவாதம். இரண்டு கையும் ஒரே மாதிரிப் பிடிக்கும் குழுக்களும் இருக்கின்றன, ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஊர்ப் பறையிலும் இரண்டு குச்சி வேறு வேறுதானே, இரண்டு கையும் வேறு வேறு வேலை.

அக்கா, 'இதில் சொல்லிக்கொடுக்க அப்படி என்ன இருக்கிறது' என்று அத்தான் கேட்டதாகத் தனிமடலில் எழுதியிருந்தீர்கள். இங்கேயே பதில் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் ஆகும்.

முதலில் ருடிமென்ட். நமக்கு சரளி வரிசை, அலங்காரம் மாதிரி. 1933-இல் சிகாகோவில் ஆசிரியர்கள் கூடி, கட்டாயம் தெரிய வேண்டிய 13 என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அது 26 ஆனது, 1984-இல் 40 ஆனது. பாரடிடில் என்பது வல-இட-வல-வல, இட-வல-இட-இட. இவ்வளவுதான் சரக்கு. இதோடு பிள்ளைகள் தாங்களே கலந்து பெற்ற கலப்பினங்கள் வேறு. சீஸ், எக் பீட்டர், ஹெர்ட்டா, புக் ரிப்போர்ட் என்று பெயர். வைத்தவன் பசியோடு இருந்திருக்க வேண்டும், அல்லது வீட்டுப்பாடம் முடிக்காமல் இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது பாஸ் டிரம், கனத்த ஓசை தரும் பெரிய முரசு. எல்லோரும் ஸ்னேருக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள், என்னைக் கேட்டால் சொல்லிக்கொடுக்கச் சுவையானது பாஸ்தான். ஐந்து பேர், ஐந்து அளவு டிரம், ஐந்து சுருதி. வேகமாக ஓடும் ஒரு வரியை ஐவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள், ஆளுக்கு ஒரு அடி, சில நேரம் இரண்டு. 'தகதகிட' என்ற சொல்லை ஐந்து பேர் ஆளுக்கு ஓர் எழுத்தாகச் சொல்லி, கேட்பவருக்கு ஒரே வாயிலிருந்து வந்தது போல இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன் பகுதியை மட்டும் படித்தவன் தோற்பான். மற்ற நான்கு பேருடைய பகுதியும் வாய்ப்பாடமாக இருந்தால்தான் தன் ஒரு அடியை எங்கே வைப்பது என்று தெரியும். நான் குச்சியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு முழு வரியையும் வாயால் சொல்ல வைப்பேன். கொன்னக்கோல் என்று அவர்களிடம் சொல்வதில்லை. கொன்னக்கோல்தான்.

கடைசியாக, தூரம். மைதானம் கிட்டத்தட்ட 110 மீட்டர் நீளம், 49 மீட்டர் அகலம். ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். பின்வரிசையில் நிற்கிறவன் அடித்தது 40 மீட்டர் தள்ளி முன்னால் மரிம்பா (மரக்கட்டை வரிசையைக் குச்சியால் தட்டும் வாத்தியம்) வாசிப்பவளுக்குக் கேட்க 0.12 வினாடி ஆகிறது. நிமிடத்துக்கு 180 வேகத்தில் ஒரு தட்டை நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு 0.08 வினாடி. அதாவது அவளுக்குக் கேட்பது ஒரு பங்குக்கு மேல் பிந்தியது. அதனால் முன்னால் இருப்பவர்கள் காதைப் பின்னால் வைத்து, வருகிற ஒலியோடு வாசிக்க வேண்டும். பின்னால் இருப்பவர்கள் முன்னால் இருந்து வரும் ஒலியை நம்பவே கூடாது. நம்பினால் தாமதம் இரட்டிப்பாகும். காதால் கேட்டதை நம்பாதே என்று இசை படிக்கிற பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தோளில் ஏழெட்டு கிலோ, நடை பின்னோக்கி, வெயில் நூறு டிகிரிக்கு மேல், மேலே சொன்ன கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அத்தானை ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்புங்கள், நாற்காலி போட்டு மோர் தருகிறேன்.

#11 ஆடியோகிராம் (செப்டம்பர் 21)

செவித்திறன் பரிசோதனை என் தொழில். யாரும் காதைப் பற்றிப் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் பரிந்துரை: 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு வெறும் 15 நிமிடம். டிரம்லைன் பயிற்சியில் நூறைத் தாண்டுவது சர்வ சாதாரணம், அதுவும் மணிக்கணக்கில். இருபத்தைந்து வயதில் காதில் ரீங்காரத்தோடு வரும் டிரம்மர்களைப் பார்க்கிறேன். போன செவித்திறன் திரும்பாது.

நுரைப்பஞ்சு அடைப்பான் எல்லாவற்றையும் மங்கலாக்கும். அதனால் பிள்ளைகள் கழற்றிவிடுகிறார்கள். இசைக் கலைஞர்களுக்கென்று எல்லாச் சுருதியையும் சமமாகக் குறைக்கும் வகை உண்டு, அதை வாங்கிக் கொடுங்கள்.

#12 குச்சிக்காரன் (செப்டம்பர் 21)

நன்றி. நான் எழுதியிருக்க வேண்டும், வெட்கத்தில் விட்டுவிட்டேன். எங்கள் காலத்தில் அடைப்பான் போட்டவனைக் கேலி செய்வோம். இப்போது என் இடது காதில் இரவெல்லாம் சில்வண்டு. என் வகுப்பில் அடைப்பான் இல்லாமல் யாரும் குச்சி எடுக்க முடியாது.

#13 கணக்குப்பிள்ளை (செப்டம்பர் 22)

எல்லாம் சுவாரசியமாக இருக்கிறது. ஆனால் தொகை யாரும் சொல்லவில்லை. ஆசிரியர் வேலைக்கு என்ன வரும்? இந்தக் குழுக்கள் நிலைக்குமா? 1934-இல் நியூஜெர்சியில் தொடங்கி, பத்து டி.சி.ஐ. பட்டம் வாங்கிய கேடட்ஸ் குழுவையே 2024-இல் மூடிவிட்டார்களே.

#14 குச்சிக்காரன் (செப்டம்பர் 23)

நியூஜெர்சியில் வளர்ந்தவனுக்கு அது வீட்டில் இழவு விழுந்த மாதிரி சார். நிலைக்குமா என்றால், எல்லாம் நிலைக்காது. அதனால்தான் குழுவை நம்பி வாழ்க்கை அமைக்காதே என்கிறேன். குழு என்பது பட்டறை. இரண்டு மூன்று கோடை அடிபட்டு வர வேண்டிய இடம்.

தொகை: டாலஸ் சுற்றுவட்டாரத்தில் அரசுப் பள்ளியில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு வருடம் அறுபதாயிரம் டாலரை ஒட்டி வரும். பாண்ட் வேலைக்குக் கூடுதல் நேரத்துக்கு ஒரு படி உண்டு. அதற்குப் பட்டம் வேண்டும், ஆசிரியர் சான்றிதழ் வேண்டும். டெக்சாஸ் பெரிய பள்ளிகளில் தாளத்துக்கென்றே முழுநேர ஆசிரியர் வைக்கிறார்கள், எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. தனி வகுப்புகள் எடுத்தால் மேலே கொஞ்சம் சேரும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை வீட்டில் நம் முகம் மறந்துபோகும். என் மனைவி அக்டோபரில் என்னை 'விருந்தாளி' என்றே கூப்பிடுவாள்.

அக்கா, மகளிடம் சொல்ல ஒன்று. ஸ்னேர் மட்டும் தெரிந்தவருக்கு இந்த வேலை கிடையாது. டெக்சாஸ் ஆல்-ஸ்டேட், அதாவது மாநில மாணவர் இசைக்குழு, தேர்விலேயே ஸ்னேர், மரிம்பா வகை, டிம்பனி (கிண்ண வடிவப் பெரிய முரசு) மூன்றும் வாசிக்க வேண்டும். கல்லூரியிலும் ஆர்க்கெஸ்ட்ரா, டிரம்செட், பியானோ எல்லாம் வரும். பால் ரெனிக்கைப் பாருங்கள். ஃபாண்டம் ரெஜிமென்ட், பிறகு சாண்டா கிளாரா வான்கார்ட் இரண்டுக்கும் தாளம் எழுதியவர், 2018-இல் வான்கார்ட் பட்டமும் தாள விருதும் சேர்த்து வாங்கியது. அவர் சொல்லிக்கொடுத்த இடம் டென்டனில் இருக்கும் நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகம். உங்கள் வீட்டிலிருந்து அரை மணி, முக்கால் மணி. ஒரு கச்சேரிக்குக் கூட்டிப்போங்கள், மரிம்பா என்றால் என்ன என்று தெரியும்.

#15 ஃபிரிஸ்கோ அம்மா (செப்டம்பர் 23)

மரிம்பா என்றதும் முகத்தைச் சுளிக்கிறாள். போவோம். ஆடிஷன் முடிந்ததும் வந்து சொல்கிறேன்.

#16 ஃபிரிஸ்கோ அம்மா (டிசம்பர் 15)

வந்துவிட்டேன். நவம்பரில் காணொளி அனுப்பினாள். பதினேழு முறை எடுத்தோம். பன்னிரண்டாவது முறை நன்றாக வந்தபோது குக்கர் விசில் அடித்துவிட்டது, அதற்கு என்மேல் இரண்டு நாள் கோபம். பிறகு கேம்புக்குக் கூப்பிட்டார்கள். அவள் அப்பா கூடப் போனார். இரண்டு நாளும் ஜிம் ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை பார்ப்பதாகப் பாவனை.

ஸ்னேர் கிடைக்கவில்லை. ஞாயிறு மதியம் வெட்டிவிட்டார்கள். அரை மணி கழித்து ஒருவர் வந்து, பாஸ் இரண்டாம் டிரம் முயற்சி செய்கிறாயா என்று கேட்டிருக்கிறார். காரில் ஒரு மணி நேரம் பேசவே இல்லையாம். பிறகு அவள் அப்பா, 'அந்த ஐந்து பேர் ஒரு சொல்லைப் பிரித்துச் சொல்வதுதானே' என்று கேட்டிருக்கிறார். இந்த இழையை அவர் தினமும் படித்திருக்கிறார், எனக்கே தெரியாது.

சரி என்று சொல்லிவிட்டாள். ஜனவரி கேம்ப் இருக்கிறது, அதன்பிறகுதான் உறுதியாகும். பணத்துக்கு அவள் டியூஷன் எடுக்கத் தொடங்கிவிட்டாள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூவர், டிரம் பேட் வகுப்பு. முதல் மாணவன் எதிர்வீட்டுப் பையன். நேற்று வந்து உட்கார்ந்தான். 'சாவியைத் திருப்புகிற மாதிரி' என்று அவள் சொல்வது சமையலறை வரை கேட்டது.

#17 தவில்வீட்டுப் பையன் (டிசம்பர் 15)

அக்கா, குக்கர் விசில் எந்தத் தாளத்தில் வந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள்.

#18 கணக்குப்பிள்ளை (டிசம்பர் 16)

டியூஷன் வருமானத்தைத் தனியாக எழுதிவைக்கச் சொல்லுங்கள். வரி உண்டு. வாழ்த்துகள்.

#19 குச்சிக்காரன் (டிசம்பர் 16)

இரண்டாம் பாஸா! ஐந்து பேரில் கடினமான இடம் அதுதான் அக்கா, ஒன்றாம் ஆளின் அவசரமும் மூன்றாம் ஆளின் சோம்பலும் நடுவில் வந்து மாட்டும். என்னை 2003-இல் வெட்டியபோது யாரும் பாஸ் தரவில்லை. தந்திருந்தால் ஒரு கோடை கூடக் கிடைத்திருக்கும்.

ஜனவரி கேம்புக்கு முன் ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கு அழைத்து வாருங்கள், என் பாஸ் வரிசையோடு நிற்கட்டும். அத்தானும் வரட்டும், அந்த மோர் பாக்கி இருக்கிறது. காது அடைப்பான் இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒரு ஜோடி முதல் நாளே தொலையும்.